கவுனுக்கு முன்னாடி கோர்செட்

வணக்கம் அக்கா, 1860 வாக்குல போட்ட மாதிரி விக்டோரியா காலத்து கவுன் தைக்கணும்னு ஆசைப்பட்டு பட்டுத்துணி வாங்கிட்டேன். உடம்பைப் பிடிச்சுக் கட்டுற கோர்செட், பாவாடையை விரிச்சு நிறுத்துற கிரினோலின் எல்லாம் உள்ள போடுறதுதானே, வெளிய தெரியாதே, அதை விட்டுட்டு நேரா கவுனை வெட்டிடலாமா?
– ஒரு வாசகி

பதில்:

வெட்டிடாதம்மா, பட்டை மடிச்சு பீரோல வை. அந்த கவுனுக்கு உருவம் குடுக்கிறதே உள்ள போடுற துணிங்கதான். இப்ப எடுத்த அளவுக்கு மேல்சட்டை வெட்டினா, கோர்செட் போட்டதும் மார்பு மேல ஏறி டார்ட் பிடிச்ச மடிப்பெல்லாம் இடம் மாறிடும், பாவாடையும் கிரினோலின் மேல விரிஞ்சு விழறப்ப தரையை விட்டு நல்லா மேல தூக்கிக்கும்.

முதல்ல மல் துணியில தொளதொளன்னு ஒரு ஷெமீஸ், அதான் கோர்செட்டுக்கு உள்ள போடுற உள்சட்டை. வேர்வையை அது வாங்கிக்கும், கோர்செட்டை அடிக்கடி துவைக்க முடியாதில்ல. டிராயர்ஸ் ரெண்டு காலும் இடுப்புப் பட்டியில மட்டும்தான் சேரும், நடுவுல திறந்தே இருக்கும், அதை மூடித் தைச்சுடாத, இவ்வளவையும் போட்டுக்கிட்டு பாத்ரூம் போகணுமே.

கோர்செட்ல அவசரமே வேணாம். காடா துணியில ட்ரயல் தைச்சு கட்டிப் பாரு. பின்னாடி ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு இன்ச் இடைவெளி ஒரே சீரா நிக்கணும், மேல ஒட்டி கீழ அகண்டுச்சுன்னா இடுப்பெலும்புகிட்ட துணி பத்தலை, அங்க விட்டுக் குடு. கோர்செட் விறைப்பா நிக்க அந்தக் காலத்துல திமிங்கலத்தோட வாயிலேருந்து எடுக்கிற பலீன் பட்டையை உள்ள செருகுனாங்க, உனக்கு ஸ்டீல் பட்டை கிடைக்கலேன்னா ஹார்டுவேர் கடையில அகலமான கேபிள் டை வாங்கி முனையை மழுக்கிட்டு போடு. முன்னாடி கொக்கி மாதிரி மாட்டுற பஸ்க் பட்டை மட்டும் ஸ்டீல்லயே வேணும், கழட்டுறப்ப பின்னாடி கட்டின நாடாவைத் தளர்த்திட்டுதான் அதைத் திறக்கணும். இறுக்கி இழுத்துக் கட்டாத, கீழ கிரினோலின் விரிஞ்சாலே இடுப்பு சின்னதாத் தெரியும்.

ஸ்டீல் வளையக் கிரினோலினுக்கு பேடன்ட் வாங்கினது 1856ல. அதுக்கு முன்னாடி கஞ்சி போட்ட பாவாடை, குதிரை முடி சேர்த்து நெய்த பாவாடைன்னு அடுக்கடுக்கா கட்டிக்கிட்டு அத்தனை பாரத்தையும் இடுப்புல சுமந்தாங்க, அதனால கூண்டு மாதிரி இருந்தாலும் அவங்களுக்கு அது பெரிய ஆறுதல்னுதான் நான் நினைக்கிறேன். கிரினோலினுக்கு மேல ஒரு உள்பாவாடை கண்டிப்பா போடு, இல்லேன்னா பட்டுல வளையம் வளையமா தடம் தெரியும்.

எல்லாத்தையும் போட்டுக்கிட்டு அளவு எடுத்தப்புறம் பட்டுத்துணியை வெட்டு. மேல்சட்டையோட ஒவ்வொரு துண்டையும் காட்டன் லைனிங்கோட சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, ரெண்டையும் ஒரே துணியா வச்சுத் தைக்கணும். தோள் தையல் முதுகுப்பக்கம் இறங்கித்தான் இருக்கும், கைக்குழியும் தோளுக்குக் கீழதான் வரும், நம்ம ஜாக்கெட்டுக்கு ஏத்துற மாதிரி ஏத்திடாத. பாவாடைக்கு கீழ் ஓரத்தை நேரா விட்டுட்டு, மிஞ்சற நீளத்தை இடுப்புல உள்பக்கமா மடிச்சு பிளீட் பிடி.

ட்ரயல் கோர்செட் கட்டினதும் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு, இடைவெளியைப் பாத்து எங்க விடணும்னு சொல்றேன்.