தேவிகுளம் யாருடையது?

கேள்வி: என் தாத்தா மூணாறு எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். தேவிகுளமும் பீர்மேடும் நம் மதுரை ஜில்லாவிலிருந்து பறிபோனவை என்பார். உண்மையா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: மதுரை ஜில்லாவில் அவை இருந்ததில்லை அம்மா. திருவிதாங்கூர் சமஸ்தானத்துத் தாலுகாக்கள். ஆனால் தாத்தாவின் ஆதங்கத்துக்குக் காரணம் உண்டு. 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்வரை மூணாறில் ஒரு சிறிய ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வந்து, ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, உங்கள் போடிக்குத்தான் வந்தன. கொழுந்து எடுக்க ஆட்களைக் கங்காணிகள் (ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள்) கூட்டிப் போனதும் நம் சீமையிலிருந்துதான்.

மொழிவாரி மாநிலம் பிரிக்கும் பேச்சு வந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இந்த மலைத் தாலுகாக்களையும் கேட்டது. 1954இல் அதன் முன்னணித் தலைவர் நேசமணி தேவிகுளம் போய்க் கைதானார். இதே போராட்டத்தில் அந்த ஆகஸ்ட் 11இல், தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. தேவிகுளத்தில் தமிழர்கள்தான் அதிகம் என்பதை, மாநில எல்லைகளைப் பரிந்துரைத்த பசல் அலி ஆணையமே ஒப்புக்கொண்டது. ஆனாலும், அவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், மலைகள் கேரளத்துக்குப் பொருளாதார ரீதியில் தேவை என்று சொல்லி மறுத்துவிட்டது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் மட்டுமே நமக்கு வந்தன.

'வந்து போகிறவர்கள்' என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. என் அப்பத்தா எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, அங்கேயே பிள்ளை பெற்றவர். அவருக்கு வேறு ஊர் ஏது? அதற்காக, திருவிதாங்கூர்-கொச்சி முதல்வர் பட்டம் தாணு பிள்ளை ஆட்சியின் குடியேற்றத் திட்டத்தில் அங்கே வந்து, யானைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே காடு திருத்திய ஏழை மலையாளக் குடும்பங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. இரு தரப்பையும் யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது இரண்டு தாலுகாக்களும் அதில் சேர்ந்தன.

கேள்வி: அப்படியானால் முல்லைப் பெரியாறு அணை?
– வாசகர், மேலூர்

பதில்: அது பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. திருவிதாங்கூர் தந்த 1886 குத்தகைப்படி 999 ஆண்டுகளுக்கு 8,000 ஏக்கர் நமக்கு. சுரங்கம் வழியாக வரும் அந்தத் தண்ணீர்தான் வைகையில் கலந்து உங்கள் வயலுக்கும் பாய்கிறது. முதலில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. 1970 ஒப்பந்தத்தில் 30 ரூபாயானது.