நார்மின் மைக்கைப் பறித்தது யார்?

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சியில் போக்கர் என்ற சீட்டாட்ட நிகழ்ச்சி நடத்திய நகைச்சுவைக் கலைஞர் நார்ம் மெக்டொனால்டை, அவருடைய வாய்த்துடுக்கு தாங்காமல்தான் வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் நண்பர் இரண்டு கதைகளை ஒன்றாக்கிவிட்டார். நார்மின் வாய் அவருடைய வேலைக்கு உலை வைத்தது உண்மைதான். ஆனால் அது போக்கர் மேசைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பு.

1994 முதல் என்.பி.சி. சேனலின் 'சாட்டர்டே நைட் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சியில் கேலிச் செய்தி வாசித்தவர் அவர். 1995 அக்டோபரில் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் விடுதலையானதும், கலிபோர்னியாவில் கொலை இனி சட்டப்படி செல்லும் என்று சாதாரணச் செய்தி போல வாசித்தார். அதோடு விடவில்லை, சிம்ப்சனைத் தொடர்ந்து குத்திக்கொண்டே இருந்தார். அரங்கம் சிரிக்காவிட்டாலும் கேமராவைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். சேனலின் மேற்குக் கரைத் தலைவர் டான் ஓல்மையரோ சிம்ப்சனின் நண்பர். 1998 தொடக்கத்தில் செய்தி நாற்காலியிலிருந்து நார்மை எடுத்தார்கள். கூடவே அவருக்கு எழுதிய ஜிம் டவுனியும் போனார். நட்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நார்முக்குச் சிரிக்க வைக்க வரவில்லை என்றார் ஓல்மையர். நான் அதை நம்பவில்லை.

நம்பாததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் ஊர்த் திருவிழாக் கபடிக்கு ஆறு வருடம் மைக் பிடித்தேன். ஆட்டக்காரர்களை எவ்வளவு கிண்டல் செய்தாலும் கைதட்டினார்கள். ஒரு வருடம், பரிசுத் தொகை ஏன் குறைந்தது என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். அடுத்த வருடம் கூப்பிடவில்லை. "அண்ணே, உங்க தொண்டை முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். இன்றும் அந்த வார்த்தை உறுத்துகிறது.

சரி, போக்கருக்கு வருவோம். 'ஹை ஸ்டேக்ஸ் போக்கர்' நிகழ்ச்சியில் ஆடுபவர்கள் நிஜப் பணத்தோடு உட்காருவார்கள். ஆரம்பத்தில் குறைந்தபட்சமே ஒரு லட்சம் டாலர். நோட்டுக் கட்டுகள் மேசையிலேயே கிடக்கும். கவிழ்த்து வைத்த சீட்டைக் கேமரா நமக்குக் காட்டிவிடும். கையில் ஒன்றுமே இல்லாமல் எதிராளியை மிரட்டுகிறவரின் கண்ணையும் விரலையும் நாம் பதறிப்போய்ப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் பேச, முகத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதுவரை மைக் பிடித்த கேப் கப்லான் அதில் கெட்டிக்காரர். 2011 பிப்ரவரியில் தொடங்கிய ஏழாவது சீசனில் அவர் இடத்துக்கு நார்ம் வந்தார். சூதாட்டத்தில் மூன்று முறை எல்லாவற்றையும் இழந்ததாகத் தானே சொன்னவர், தோற்பவனின் வயிற்றெரிச்சலை அறிந்தவர். ஆனாலும் அந்த மேசைக்குக் கப்லான்தான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஒரே சீசன்தான். அந்த சீசனுக்கு விளம்பரதாரர் போக்கர்ஸ்டார்ஸ். 2011 ஏப்ரல் 15 அன்று போக்கர்ஸ்டார்ஸ் உட்பட மூன்று பெரிய இணையப் போக்கர் தளங்களின் நிறுவனர்கள் மீது அமெரிக்க அரசு குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் போக்கருக்கு வந்துகொண்டிருந்த விளம்பரப் பணம் வற்றிப்போனது. அந்த சீசனோடு நிகழ்ச்சியும் நின்றது. 2020 டிசம்பரில் அது திரும்பி வந்தபோது கப்லானும், பழைய கூட்டாளி ஏ.ஜே. பென்ஸாவும் மைக்கில் இருந்தார்கள். நார்ம் அப்போது புற்றுநோயோடு இருந்தார், வெளியே யாருக்கும் சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் இறந்தார்.

போக்கர் மேசையில் அவர் வாய் யாரையும் காயப்படுத்தி வேலை போகவில்லை. உங்கள் நண்பரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.