விறைப்பு ஊசி ஏன் எரிகிறது?

சிறு சத்திரசிகிச்சைகளில் போடப்படும் விறைப்பு ஊசி பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, சத்திரசிகிச்சைக் கூடத்தில் பணியாற்றிய ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவரின் பதில்கள்.

மாங்குளம் வாசகர்: காலில் கிடந்த ஷெல் துண்டை எடுத்தபோது, வெட்டியதைவிட ஊசிதான் வலித்தது. ஏன்?

ஷெல் துண்டுடன் வாழ்பவர்கள் பலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். குத்தும் வலி கணத்தில் தீர்ந்துவிடும். அதன் பின் வரும் எரிவு மருந்தினுடையது. விறைக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் கெடாதிருப்பதற்காக அமிலத்தன்மையுடன் தயாரிக்கப்படுகிறது, இரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலின் சேர்ந்த மருந்தில் அந்த அமிலம் இன்னும் கூடுதல். அதோடு, மருந்தை விரைவாகத் தள்ளினால் தோலின் கீழுள்ள இழையங்கள் சட்டென்று விரிந்து வலியைக் கூட்டுகின்றன. ஆகவே மெல்லிய ஊசியால், தோலுக்குச் சற்று ஆழத்தில், முதலில் சிறிதளவு செலுத்திப் பொறுத்திருந்து, விறைத்த இடத்தின் வழியாகவே ஊசியை முன்னகர்த்துவது நல்லது. செலவில்லாத இந்த நிதானம், நோயாளர் வரிசை நீளும்போதுதான் முதலில் கைவிடப்படுகிறது.

மல்லாவி, தாதிய மாணவி: எரிவு குறைய, அமிலத்தைத் தணிக்கும் சோடியம் பைகாபனேற்றை மருந்தில் கலக்கலாமா?

கலக்கலாம். 1% லிக்னோகெயின் 10 மில்லிலீற்றருக்கு 8.4% பைகாபனேற்று 1 மில்லிலீற்றர் என்பது வழக்கமான அளவு. போடும் வேளையிலேயே கலக்க வேண்டும். இதே அளவைப் பியூபிவகெயின் என்ற மற்றொரு விறைப்பு மருந்தில் கலக்காதீர்கள், அது கரைசலிலிருந்து பிரிந்து வீழ்படிவாகிவிடும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: மருந்தைச் சூடாக்குவது பயன்தருமா?

உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் எரிவு குறையும். அதற்கு மேல் வேண்டாம்.

நெடுங்கேணி, ஒரு தாய்: ஐந்து வயது மகனின் நெற்றிக் காயத்துக்குத் தையல் போட, ஊசிக்குப் பதிலாக விறைப்புக் களிம்பு பூசலாமா?

லிக்னோகெயினும் பிரிலோகெயினும் சேர்ந்த களிம்பு காயமில்லாத தோலுக்கு உரியது. அதுவும் வேலைசெய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். திறந்த காயத்தில், வெளித்தோலைக் குத்தாமல் காயத்தின் உட்புற ஓரத்தினூடாக ஊசி போட்டால் வலி குறைவு. பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள். ஆனால் "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த முறை அவன் உங்களையும் நம்பமாட்டான்.

ஒட்டுசுட்டான் வாசகர்: சீழ்க்கட்டியைக் கீறியபோது விறைக்கவே இல்லையே?

அழற்சியுள்ள இழையம் அமிலத்தன்மை கொண்டது என்பதால், மருந்து நரம்புக்குள் புகுவது குறைகிறது. கட்டியின் நடுவில் அல்லாமல், சுற்றியுள்ள நல்ல தோலில் வளையமாகப் போடுவார்கள். கீறும்போது தொடுவதும் இழுப்பதும் தெரியத்தான் செய்யும். கூர்மையாக வலித்தால் உடலை உதறாமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னும் சற்றுப் பொறுக்கவோ, மேலும் மருந்து போடவோ முடியும்.