பேரனின் கண்ணைக் காட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: 30 வாரத்தில் பிறந்த பேரன், எடை 1,300 கிராம். கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கண் டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகி, கரூர்

பதில்: அவசியம், தள்ளிப்போடாதீர்கள். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் 40 வாரம் வாக்கில்தான் ஓரம்வரை வளர்ந்து முடியும். முன்னதாகப் பிறந்தால் வளர்ச்சி பாதியில் நின்று, பிறகு தாறுமாறாகக் கிளைவிடலாம். முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணின் கருமணி வெள்ளையாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2,000 கிராமுக்குக் கீழே இருந்தாலோ, 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கும் முன்பென்றால் 2–3 வாரத்திலேயே. ஒருமுறை பார்த்து 'சரி' என்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்! குழாய்கள் முழுதாக வளரும்வரை டாக்டர் சொல்லும் தேதியில், பெரும்பாலும் 1–2 வாரத்துக்கொருமுறை, போக வேண்டும். லேசர் தேவையென்றால் 48–72 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்.

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பாலை நிறுத்துங்கள், இல்லையென்றால் கக்கும். சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்தால் உடனே துடைக்க வேண்டும். தோல் வழியே ஏறி ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம்.

கேள்வி: குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கும் ஆக்சிஜன் கூடினால் இந்தக் கண் பாதிப்பு வரும் என்கிறார்களே, அதைக் குறைத்தாலே போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அத்தனை எளிதல்ல. 2010இல் வெளியான அமெரிக்க 'சப்போர்ட்' ஆய்வில், 24–27 வாரக் குழந்தைகளின் ரத்த ஆக்சிஜனை 85–89 சதவீதத்தில் வைக்க முயன்ற பிரிவில், பிழைத்தவர்களில் கடுமையான கண் பாதிப்பு 8.6 சதவீதம், 91–95 பிரிவில் 17.9. ஆனால் இறப்பு, குறைத்த பிரிவில் 19.9, மற்றதில் 16.2.