நின்று சுடுவோருக்கு ஊன்றுகோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் உரிமத்துடன் மான் வேட்டைக்குச் செல்லும் வாசகர்களும், இங்கிலாந்தில் மான் வேட்டை பழகிவரும் சிலரும், ரைஃபிளைத் தாங்கும் ஊன்றுகோலைப் பற்றிக் கேட்டிருப்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆகவே, இங்குச் சொல்லப்படுபவை வேட்டைக்குச் சட்டம் இடம்தரும் நாடுகளுக்கு மட்டுமே உரியவை.

பயிற்சித் திடலில் மேசைமேல் மணல்மூட்டை வைத்துச் சுடும்போது, 100 மீட்டரில் மூன்று தோட்டாக்களையும் 3 செ.மீ. அகலத்துக்குள் அடக்கிவிடுகிறேன். அடுத்த ஆண்டு நமீபியா செல்லவிருக்கும் எனக்கு ஊன்றுகோல் தேவையா? (லண்டன் வாசகர்)

தேவை. மேசையில் நீங்கள் பெற்ற அளவு, உங்கள் ரைஃபிளும் தோட்டாவும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டுகிறது. நின்றுகொண்டு சுடும்போது உங்கள் உடல் எவ்வளவு ஆடுகிறது என்பதை அது காட்டுவதில்லை. நமீபியாவின் முட்புதர்க் காட்டில் படுத்துக்கொண்டு சுட வாய்ப்பது அரிது. படுத்தால் புல்லும் புதரும் மானை மறைத்துவிடும். மறைக்காத இடத்திலும், இடையில் நிற்கும் ஒரு சிறு கிளை தோட்டாவின் பாதையை மாற்றிவிடக்கூடும். அதனால்தான் அங்குள்ள வழிகாட்டிகளில் பெரும்பாலோர் ஊன்றுகோலைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி நின்று, கோலை விரித்து, மானைக் காட்டியதும், நீங்கள் ரைஃபிளை அதன்மேல் ஏற்றிச் சுட வேண்டும். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் சில விநாடிகளே. அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டு கால், மூன்று கால், நான்கு கால் என்று கடையில் பலவகைக் கோல்கள் இருக்கின்றன. எதை வாங்குவது? (டர்பன் வாசகர்)

உங்கள் வேட்டை நடக்கும் நிலத்தையும், நீங்கள் நடக்கப்போகும் தூரத்தையும் பார்த்த பிறகே இதற்கு விடை சொல்ல முடியும்.

ஒற்றைக் கால் கோல் மேல்-கீழ் ஆட்டத்தை ஓரளவு அடக்கும். பக்கவாட்டு ஆட்டத்தை அது அடக்காது. நடக்கும்போது கைத்தடியாகப் பயன்படும் என்பதைத் தவிர, அதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டு கால் கோல் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெரிதும் குறைத்தாலும், முன்னும் பின்னும் சாயும். உட்கார்ந்து சுடுவோருக்கு அது போதுமானது. நின்று சுடுவோருக்கு மூன்று கால் கோலே அடிப்படை. ஆப்பிரிக்க வழிகாட்டிகளில் பெரும்பாலோர் வைத்திருப்பதும் அதுதான்: ஆளுயர மரக்கம்புகள் மூன்றை நுனிக்குச் சற்றுக் கீழே ரப்பராலோ தோலாலோ பிணைத்தால், விரிக்கும்போது மேலே ஒரு கவை உருவாகிறது. அந்தக் கவையில்தான் ரைஃபிள் அமர்கிறது.

நான்கு கால் கோல் ரைஃபிளை முன்பக்கமும் பின்பக்கமும் ஆகிய இரண்டு இடங்களில் தாங்குகிறது. நின்று சுடுபவரின் ஆட்டத்தில் பெரும்பகுதி, எந்தத் தாங்கலும் இல்லாமல் தொங்கும் வலது முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருவதால், பின்பக்கம் தாங்கப்படும்போது கிடைக்கும் அமைதி வியக்கத்தக்கது; இங்கிலாந்து மான் வேட்டையாளர்களிடம் இந்த வகை பரவியிருப்பதற்குக் காரணம் இதுவே. இதன் குறை என்னவென்றால், மான் நடக்கத் தொடங்கினால் ரைஃபிளை அதனோடு திருப்புவது கடினம். கோலையே தூக்கி இடம் மாற்ற வேண்டும். ரைஃபிளைக் கவ்விப் பிடிக்கும் தலையுடன் கூடிய கனமான முக்காலிகளும் இப்போது விற்கப்படுகின்றன. ஒரே இடத்தில் காத்திருந்து சுடுவோருக்கு அவை நன்று. நாள் முழுவதும் தடம் தொடர்ந்து நடப்பவருக்கு அவை சுமை.

எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கோலை மூடி, கையில் பிடித்துச் சற்றே குலுக்கிப் பாருங்கள். அலுமினியக் கால்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் எழுப்பினால், இம்பாலா என்னும் மானின் மந்தை உங்களைக் காணுமுன்பே உங்கள் வருகையை அறிந்துகொள்ளும். துணி நாடா சுற்றிச் சத்தத்தை அடக்கலாம். அடங்காவிட்டால் அந்தக் கோல் வேண்டாம்.

கோலின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? (லெஸ்டர் வாசகர்)

நிமிர்ந்து நின்று ரைஃபிளைத் தோளில் வைக்கும்போது கழுத்தைக் குனியாமலும் எக்காமலும் ஸ்கோப்பில், அதாவது ரைஃபிளின்மேல் பொருத்திய குறிநோக்கியில், கண் பொருந்த வேண்டும்; அப்போது முன்கட்டை (குழலுக்குக் கீழே இடது கை பிடிக்கும் பகுதி) நிற்கும் உயரமே கவையின் உயரம். பெரும்பாலோருக்கு அது அக்குளின் மட்டத்தையொட்டி வரும். மேட்டிலிருக்கும் மானுக்குக் கவை சற்று உயரவும், பள்ளத்திலிருக்கும் மானுக்குச் சற்றுத் தாழவும் வேண்டும். கால்களை நெருக்கினால் கவை உயரும், அகட்டினால் தாழும்.

ரைஃபிளைக் கவையில் எப்படி வைப்பது, கைகளையும் கால்களையும் எப்படி வைத்துக்கொள்வது? (டர்பனிலிருந்து இன்னொரு வாசகர்)

முதலாவது, கவையில் அமர வேண்டியது முன்கட்டை; குழல் ஒருபோதும் கவையைத் தொடக்கூடாது. சுடும்போது குழல் அதிர்கிறது. அது கடினமான பொருளில் அழுந்தியிருந்தால் அதிர்வு மாறி, தோட்டா வழக்கமான இடத்தை விட்டு விலகும். இடது கையால் கவையையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடியுங்கள். ரைஃபிளைக் கவையின்மேல் வெறுமனே கிடத்திவிட்டுச் சுடுபவர்களுக்கு, முதல் வெடிக்குப் பிறகு ரைஃபிள் துள்ளிக் கவையிலிருந்து இறங்கிவிடுகிறது. இரண்டாவது தோட்டா தேவைப்படும் நேரத்தில் அவர்கள் ரைஃபிளை மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று கால்களில் ஒன்று மானை நோக்கியும், மற்ற இரண்டு உங்கள் பக்கமாகவும் இருக்கட்டும். சற்றே முன்சாய்ந்து உடல் எடையைக் கோலின்மேல் செலுத்தும்போது, முன்னால் நீண்டிருக்கும் கால் அந்த எடையைத் தாங்கிக்கொள்ளும். இடது பாதம் முன்னும் வலது பாதம் பின்னுமாகத் தோள் அகலத்துக்குச் சற்று மேல் அகட்டி, வலது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். வலது அக்குளின்கீழ் இன்னொரு கம்பைத் தாங்கலாகக் கொடுக்க முடிந்தால் பக்கவாட்டு ஆட்டம் இன்னும் குறையும்.

வீட்டிலும் திடலிலும் எப்படிப் பயிற்சி செய்வது? (லண்டன் வாசகரின் இரண்டாம் கேள்வி)

இதுவே இங்கு வந்துள்ள கேள்விகளில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஏனெனில் கோலை வாங்குவதோடு நிறுத்திக்கொள்பவர்களால்தான் காட்டில் மான்கள் காயத்தோடு ஓடுகின்றன.

முதலில் உங்கள் வழிகாட்டிக்கு எழுதி, அவர் எந்த வகைக் கோலைப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். அவர் மரத்தாலான மூன்று கால் கோலை விரிப்பவரானால், நீங்கள் நான்கு கால் கோலில் பெற்ற பழக்கம் அங்கே உதவாது.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கலாம். தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, ரைஃபிளில் தோட்டா அமரும் அறையையும், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் சோதித்து, போலித் தோட்டாவை இட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கிப் பழகுங்கள். தோளில் தொங்கும் ரைஃபிளை இறக்குவது, கவையில் ஏற்றுவது, ஸ்கோப்பில் குறியைக் காண்பது, பாதுகாப்புப் பூட்டை விடுவிப்பது, விசையை மெல்ல அழுத்துவது, உடனே போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது: இந்த வரிசை யோசிக்காமல் கைக்கு வரும்வரை, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் செய்யுங்கள். ரைஃபிள் கவையில் அமரும்வரை பாதுகாப்புப் பூட்டு விடுபடக்கூடாது. குழலின் வாய் வழிகாட்டியையோ தடம் பார்ப்பவரையோ ஒருகணமும் கடக்கக்கூடாது. புள்ளி இரண்டு இரண்டு (.22) என்னும் சிறு தோட்டா ரைஃபிளைப் போலித் தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பழக வேண்டாம். அதன் ஊசி அறையின் விளிம்பில் மோதிச் சேதம் உண்டாக்கும்.

ஆனால், திடலில் அதே புள்ளி இரண்டு இரண்டுதான் சிறந்த ஆசிரியர். தோட்டா மலிவு, பின்னுதைப்பு (சுடும்போது ரைஃபிள் தோளில் இடிப்பது) இல்லை என்றே சொல்லலாம், 50 மீட்டரிலேயே உங்கள் பிழைகள் எல்லாம் தெரியும். அதில் நிலைபெற்ற பிறகு வேட்டை ரைஃபிளுக்கு வாருங்கள். பெரிய ரைஃபிளிலேயே தொடங்குபவர் பின்னுதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடும் பழக்கத்தைத் தாமே வளர்த்துக்கொள்கிறார். பிறகு அதை நீக்குவது மிகக் கடினம். கடைசிக் கட்டத்தில், திடலின் விதிகள் இடம்தருமானால், ரைஃபிளைத் தொடுமுன் மூச்சிரைக்கும்வரை விரைந்து நடந்துவிட்டு வந்து சுட்டுப் பாருங்கள். ஸ்கோப்பில் தெரியும் குறிமுனை ஒருபோதும் முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை. அது முற்றாக நிற்கட்டும் என்று காத்திருந்து, சரியான கணம் வந்ததும் விசையைச் சட்டென்று வெட்டி இழுப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். ஆட்டம் சிறுத்திருக்கும்போதே, மூச்சை வெளியே விட்டு நிற்கும் இடைவெளியில், விசையைச் சீராக அழுத்துவதைப் பழகுங்கள்.

எவ்வளவு தூரம் வரை சுடலாம்? (பிரிஸ்பேன் வாசகர்)

இந்த எல்லையை உங்கள் ரைஃபிளின் விவரப் பட்டியல் சொல்லாது. நீங்களே அளக்க வேண்டும். இம்பாலாவின் உயிர்நிலைப் பகுதி (இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம்) ஏறத்தாழ 15 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோலில் நின்று, நேர அழுத்தத்துடன், முதல் தோட்டா உட்பட எல்லாத் தோட்டாக்களையும் எத்தனை மீட்டரில் அந்த வட்டத்துக்குள் வைக்க முடிகிறதோ அதுவே இம்பாலாவுக்கு உங்கள் எல்லை. ஆட்டம் தூரத்தோடு வளர்கிறது: 100 மீட்டரில் 15 செ.மீ. என்றால் 200 மீட்டரில் 30 செ.மீ. கூடூ போன்ற பெரிய மானுக்கு வட்டம் விரிவடையும் என்பது உண்மை. ஆயினும் அந்தச் சலுகையை முழுவதும் செலவழிக்க வேண்டாம். இங்கிலாந்தின் மான் வேட்டைச் சான்றிதழின் முதல் நிலைத் தேர்வில் படுத்துச் சுட 100 மீட்டர், உட்கார்ந்தோ மண்டியிட்டோ சுட 70 மீட்டர், நின்று சுட 40 மீட்டர் என்று வைத்திருப்பதைப் பாருங்கள். நிலை தளரத் தளரத் தூரமும் குறைய வேண்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும், காயம்பட்டுத் தப்பிய மானுக்கும் முழுக் கட்டணம் செலுத்துவதே வழக்கம். எனக்கு அந்தப் பணத்தைவிட, முட்புதரில் இரவு முழுவதும் கிடந்து சாகும் மானே பெரிய காரணம்.

தோட்டக் கம்புகளைக் கொண்டு நானே செய்துகொள்ளலாமா? (லெஸ்டர் வாசகர்)

தாராளமாக. ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள உறுதியான கம்புகள் மூன்றை, நுனியிலிருந்து ஒரு சாண் கீழே சைக்கிள் டியூப் துண்டால் இறுகச் சுற்றுங்கள். கவையில் மெல்லிய தோலோ ரப்பரோ ஒட்டினால் ரைஃபிளின் மரம் கீறாது, சத்தமும் எழாது. அடிமுனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். பாறைத் தரையில் அது இல்லாமல் கால் வழுக்கும்.

பெரிய தோட்டா சுடும் புள்ளி 375 (.375) ரைஃபிளுக்கு ஊன்றுகோல் சரிப்படுமா? (டர்பன் வாசகர்)

சரிப்படும்; எருமை வேட்டையிலும் அப்படித்தான் சுடுகிறார்கள். ஆனால் முன்கட்டையை இடது கையால் அழுத்திப் பிடிப்பது இங்குக் கட்டாயம். ஒரே நாளில் அதிகத் தோட்டாக்களைச் சுட வேண்டாம். சில தோட்டாக்களோடு நிறுத்தி, மீதி நேரத்தைப் புள்ளி இரண்டு இரண்டோடு செலவிடுங்கள். முதல் வெடிக்குப் பிறகு, வழிகாட்டி சொல்லும்வரை ரைஃபிளைக் கவையிலிருந்து எடுக்காமல், அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, ஸ்கோப்பில் பார்த்தபடியே நில்லுங்கள்.