கரும்புக் காட்டில் ஒரு மந்திரப் பள்ளி

கேள்வி: என் பேரன் ஒரு மந்திரக் கதை எழுதுகிறான். மந்திரவாதிகள் சபை தன் கல்லூரியில் சேர்க்காத பத்துப் பிள்ளைகளை ஒரு கிழவி கரும்புக் காட்டில் ஒளித்துவைத்துப் பழக்குகிறாள். அனுமதியில்லாமல் வித்தை கற்பதைப் பிள்ளைகள் மனதில் விதைக்கலாமா? (ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: தென்னாப்பிரிக்காவில், அதுவும் டர்பனில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்கலாமா அம்மா? 1959-இல் நிறவெறி அரசு சட்டம் போட்டு, வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் சேர நம் இந்தியப் பிள்ளைகள் அமைச்சரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். 1961-இல் துறைமுகத்து சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில் நமக்கென்று ஒரு கல்லூரி திறந்து, படகேறி அங்கே போ என்றார்கள். அனுமதி யார் கையில் இருந்தது என்று உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேரனிடம் எனக்கு வேறு குறை. அவனுடைய சபை தூங்குகிறது. பத்துப் பிள்ளைகள் நெருப்பை வரவழைத்து விளையாட, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம்! ஹாரி பாட்டர் ஐந்தாவது புத்தகத்தை அவன் படித்திருப்பான். மந்திர அமைச்சகம் பள்ளிக்கு ஆசிரியையாக அனுப்பிய அம்மாள் மந்திரக்கோலை உள்ளே வை, புத்தகத்தைப் படி என்கிறாள், ஏனென்றால் தலைமையாசிரியர் மாணவர்களைக் கொண்டு படை திரட்டுகிறார் என்று அமைச்சருக்குப் பயம். அந்தப் பயம்தான் பிள்ளைகளை ரகசியமாகப் பழக வைக்கிறது, அவர்களும் குறும்பாகத் தங்கள் கூட்டத்துக்குத் தலைமையாசிரியர் பெயரிலேயே படை என்று பெயர் வைக்கிறார்கள், கடைசியில் அந்தப் பெயர் எழுதிய தாளே சாட்சியாகி, தலைமையாசிரியர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பள்ளியை விட்டே போகிறார். சபை விழித்திருந்தால்தான் கதை நகரும்.

கிழவியிடமும் ஒரு குறை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்த நாட்டில் தான் நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? கப்பல் பயணத்திலும் சிறையிலும் கற்ற அரைகுறைத் தமிழ். எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் அவர் சொல்லித்தந்தார், பேச்சிலோ பிள்ளைகள் அவரை மிஞ்சினார்கள், ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது வந்தால் அந்தப் பிள்ளைகள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தெரியாததை அவர் மறைக்கவில்லை, வகுப்பும் நடந்தது. அனுமதிக்கு வெளியே நடக்கிற பள்ளிக்கு வாத்தியார் இப்படித்தான் கிடைப்பார்.

அப்புறம், வெளியே என்றாலே ஆபத்து, உள்ளே என்றால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதையில் (1968) கெட் என்ற பையனுக்கு மலைக்காட்டு குரு மந்திரத்துக்கு முன் பொறுமையைப் பழக்குகிறார். மழை வந்தால் அதை மந்திரத்தால் விரட்டாமல் ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிற ஆள் அவர். பையனுக்கு அலுத்துப்போகிறது, புகழ்பெற்ற ரோக் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். அங்கேதான், சக மாணவனிடம் வீம்புக்கு வித்தை காட்டப் போய் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான், அது வந்த வழியை அடைத்த தலைமை மந்திரவாதி உயிரையே விடுகிறார்.

நம் ஏகலைவன் கதையில் துரோணர் சீடனாகச் சேர்க்க மறுத்தாரே தவிர, அவன் தானாகக் கற்கத் தடை போடவில்லை, எல்லாம் முடிந்தபின் வந்து கட்டைவிரலைத்தான் கேட்டார். உங்கள் பேரனின் பத்துப் பிள்ளைகளிடம் சபை என்ன கேட்கும்? அவன் இன்னும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். இங்கே கரும்பு வெட்டுமுன் காட்டைக் கொளுத்துவார்கள், சாம்பல் வீட்டு முற்றம்வரை பறந்து வரும். அந்தப் பருவத்தில் எந்தப் புகையையும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், கிழவிக்கு வசதி. ஆனால் கரும்பு வெட்டு இல்லாமல் ஆலைகள் மூடிக்கிடக்கிற பிப்ரவரியில் ஒரு ராத்திரி, பிள்ளை ஒன்று கைதவறிக் கரும்பைப் பற்றவைத்துவிட்டால்? அந்த அத்தியாயத்தை எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.