எலுமிச்சை காக்டெயிலில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது ஏன்? வீட்டில் செய்வது எப்படி?

மது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு மூன்றும் சேர்ந்த பானத்தைச் 'சவர்' என்பார்கள். திராட்சையிலிருந்து வடித்தெடுக்கும் பிஸ்கோ என்ற மதுவில் செய்யும் பெரு நாட்டின் பிஸ்கோ சவரில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்கிறது. அது சுவைக்காக அன்று, நாவில் படும் வழவழப்புக்காகவும் மேலே நிற்கும் வெண்ணுரைக்காகவுமே.

வெள்ளைக்கருவைக் குலுக்கும்போது அதில் சுருண்டிருக்கும் புரதம் விரிந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிகிறது; எலுமிச்சையின் புளிப்பு அந்த உறையை மேலும் நிலைக்கச் செய்கிறது. டீக்கடையில் உயரத் தூக்கி ஆற்றும் டீ நுரைப்பதும் இப்படிக் காற்று அடைபடுவதால்தான், ஆனால் முட்டை நுரை அதைவிட நெடுநேரம் நிற்கும்.

பிஸ்கோ கிடைக்காவிட்டால் புதுச்சேரியில் எளிதாகக் கிடைக்கும் வெள்ளை ரம் போதும். ரம் 60 மி.லி., சாறு 25 மி.லி., பாகு 20 மி.லி., ஒரு வெள்ளைக்கரு ஆகியவற்றை இறுக மூடும் பாட்டிலில் ஊற்றி, முதலில் ஐஸ் இல்லாமலேயே நன்றாகக் குலுக்க வேண்டும். குளிர்ச்சியில் நுரை எழுவது மந்தப்படும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிறகு ஐஸ் போட்டுக் குலுக்கி, டீ வடிகட்டியில் வடிக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சிறு ஐஸ் துண்டுகள் விரைவில் உருகிப் பானத்தை நீர்க்கச் செய்யும், ஆகவே பெரிய கட்டிகளே நல்லவை. மஞ்சள் கரு சிறிது கலந்தாலும் அதன் கொழுப்பு நுரையைக் கெடுத்துவிடும்.

மதுவும் எலுமிச்சையும் முட்டையிலுள்ள சால்மொனெல்லா கிருமியைக் கொன்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தச் சிறிது நேரத்தில் அது உறுதியாக நடப்பதில்லை, எனவே புதிய முட்டையையே பயன்படுத்துங்கள், முதியவர்களுக்கு வெள்ளைக்கருவுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை வெந்த கெட்டி நீரை 30 மி.லி. சேர்த்து நுரைக்க வையுங்கள்.